வயித்துல இருக்கப்ப சாப்பிட்டது அம்பது வயசு நெஞ்சுல தெரியுமா?

தங்கச்சிக்கு இது அஞ்சாம் மாசம். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தா, ராத்திரி சாப்பிட உக்காந்தப்ப அம்மா அவ தட்டுல இருந்து ஒரு கரண்டி சோத்த எடுத்து திரும்ப பானையில போட்டாங்க, "பிள்ள பெருசா வளந்துட்டா ஆபரேஷன்தான் பண்ணுவாங்க மக்ளே, அளவா தின்னு"ன்னு. அவ மாமியார் போன் பண்ணும்போதெல்லாம் "ரெண்டு உயிருக்கு சாப்பிடணும்லா, நல்லா சாப்பிடு"ங்காங்க. ரெண்டு பேரும் பாசத்துலதான் சொல்றாங்க. அவ என்கிட்ட வந்து "அக்கா, நான் இப்பம் யார் சொல்றத கேக்க?"ன்னு கேட்டா, எனக்கு சட்டுன்னு ஒரு பதில் சொல்ல வரல, ஏன்னா உண்மையான பதில் கொஞ்சம் நீளம்.

நான் டாக்டர் கிடையாது, நாகர்கோவில்ல ஒரு லேப்ல பத்து வருஷமா ரத்தம் எடுக்குற வேல. மாசமா இருக்குறவங்க சுகர் டெஸ்ட்டுக்கு வந்து குளுக்கோஸ் தண்ணிய குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் ஒரு பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. எதுத்த பெஞ்சுல கொழுப்பு டெஸ்ட்டுக்கு வந்த 42, 45 வயசு ஆம்பளைங்க, அதுல சில பேரு போன மாசம்தான் ஸ்டென்ட் வச்சவங்க. "குடிக்க மாட்டேன், சிகரெட் கிடையாது, எனக்கு ஏன் வந்துச்சு"ன்னு கேக்குறவங்க எத்தனையோ பேரு. இந்த ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல ஒரு தொடர்பு இருக்குன்னு படிக்க ஆரம்பிச்ச பிறகு என்னால அந்த இடத்த பழைய மாதிரி பாக்க முடியல.

இந்த விஷயத்த உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்ல முக்கியமானவர் டேவிட் பார்க்கர், இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல இருந்த டாக்டர். 1986ல அவரும் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் மேப்ப வச்சு ஒரு கட்டுரை எழுதுனாங்க. 1968ல இருந்து 78 வரைக்கும் மாரடைப்பு சாவு எந்தப் பக்கம் அதிகம்னு பாத்தா, 1921–25ல கைக்குழந்தைங்க அதிகமா செத்துப்போன அதே ஏழைப்பட்ட பகுதிகள்லதான் அதிகமா இருந்துச்சு. மாரடைப்புன்னா வசதியா தின்னு வாற வியாதின்னு நினைச்சிட்டு இருந்த காலம் அது, பஞ்சப்பட்ட ஊர்ல எப்படி வரும்? அதத் தேடிப் போனப்ப ஹெர்ட்போர்ட்ஷைர்ங்கிற இடத்துல பழைய லெட்ஜர்கள் கிடைச்சுது. எதெல் மார்கரெட் பர்ன்சைடுன்னு ஒரு நர்ஸ் 1911ல இருந்து தனக்கு கீழ உள்ள நர்ஸுங்கள சைக்கிள்ல வீடு வீடா அனுப்பி, பிறந்த பிள்ளைங்க எடை என்ன, ஒரு வயசுல எடை என்னன்னு எழுதி வச்சிருந்தாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல 5654 ஆம்பளைங்க என்ன ஆனாங்கன்னு தேடி 1989ல பார்க்கர் குழு வெளியிட்டாங்க, பிறக்கும்போதும் ஒரு வயசுலயும் எடை கம்மியா இருந்தவங்கதான் பின்னால இதய நோய்ல அதிகமா செத்திருந்தாங்க. நம்ம துணை சுகாதார நிலையத்துல நர்ஸம்மா உக்காந்து ஒவ்வொரு கட்டமா எழுதிட்டு இருக்குறத பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பர்ன்சைடு ஞாபகம்தான் வரும், அவங்க எழுதுற ஒரு வரிக்கு எப்பம் உபயோகம் வரும்னு யாருக்குத் தெரியும்.

எடைய மட்டும் பாத்தா போதும்னு அப்போ தோணியிருக்கலாம், ஆனா நெதர்லாந்து கதை அத மாத்திருச்சு. இரண்டாம் உலகப்போர் முடியப்போற நேரம், 1944–45 குளிர்காலம், ஜெர்மன்காரங்க சாப்பாடு வண்டிகள தடுத்துட்டாங்க, ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400ல இருந்து 800 கலோரிதான் ரேஷன். 1945 மே மாசம் விடுதலை கிடைச்சதும் சாப்பாடு பழையபடி வந்துருச்சு. அதனால யாருக்கு எத்தனாவது மாசத்துல பட்டினி பட்டுச்சுன்னு தெளிவா பிரிக்க முடிஞ்சுது. மொதல் மூணு மாசம் பட்டினி, அப்புறம் நல்ல சாப்பாடுன்னு இருந்த தாய்மாருக்கு பிறந்த பிள்ளைங்க எடை நார்மல், தூக்கிப் பாத்தா ஒரு குறையும் தெரியாது. ஆனா 50 வயசுல அவங்கள்ல 8.8 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய், பட்டினி படாதவங்கள்ல 3.2 சதவீதம்தான். நடு மாசத்துலயும் கடைசி மாசத்துலயும் பட்டினி பட்டவங்க பிள்ளைங்களுக்கு சுகர் பிரச்சன கூடுதலா தெரிஞ்சுது. 2008ல இன்னொன்னு கண்டுபிடிச்சாங்க, கரு உண்டான சமயத்துல பட்டினி பட்டவங்களோட உடம்புல, வளர்ச்சிக்கு உள்ள ஒரு ஜீன் மேல இருக்குற ரசாயன அடையாளம் அறுபது வருஷம் கழிச்சும் கூடப்பிறந்தவங்கள விட கொஞ்சம் மாறியே இருந்துச்சு. ஜீன் மாறல, அதத் திறக்குற மூடுற கொண்டி மாறியிருக்கு.

இத படிச்சப்ப எனக்கு எங்க பாட்டி சொல்ற கதைதான் நினைவு வந்துச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சுல்லா (1956 நவம்பர் 1லதான் பிரிஞ்சு வந்துச்சு), அந்த சமஸ்தானத்துக்கு அரிசி நிறைய பர்மாவுல இருந்துதான் வந்துட்டு இருந்துச்சு, 1942ல பர்மாவ ஜப்பான்காரன் பிடிச்சதும் அது நின்னுபோச்சு. பாட்டி அடுத்த வருஷம் பிறந்தவங்க. "எங்கம்மா என்ன சுமந்தப்ப அரிசிய கண்ணுல காணல, மரச்சீனிதான் (மரவள்ளிக் கிழங்கு) மூணு நேரமும், அதுவும் மீன் கிடைச்சா உண்டு"ன்னு அவங்கம்மா சொன்னத அப்படியே சொல்லுவாங்க. பாட்டிக்கு நாப்பது வயசுலயே பிரஷர். அதனாலதான் இதுன்னு ஒரு ஆள வச்சு சொல்லக்கூடாது, இந்த ஆராய்ச்சி எல்லாமே ஆயிரக்கணக்கான பேர சேத்துப் பாத்து, ஆபத்து கொஞ்சம் கூடுது கொஞ்சம் குறையுதுன்னு சொல்றதுதான். ஆனா விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல பரப்புன மரச்சீனி இல்லன்னா அந்த வருஷங்கள்ல நம்ம சனம் பிழைச்சிருக்காதுங்கிறதும் உண்மை, அதனால அந்தக் கிழங்கை நான் குறை சொல்ல மாட்டேன்.

லெனின்கிராட்லயும் பட்டினி, 1941ல இருந்து 44 வரைக்கும் முற்றுகை, அங்க பிறந்தவங்கள பின்னாடி சோதிச்சப்ப நெதர்லாந்து அளவுக்கு வித்தியாசம் தெரியல. ஏன்? பலரும் சொல்ற காரணம் என்னன்னா, நெதர்லாந்துல பிள்ளைங்க பிறந்ததும் செழிப்பு வந்துருச்சு, லெனின்கிராட்ல பிறந்த பிறகும் கஷ்டம்தான். வயித்துக்குள்ள இருந்த பிள்ள 'வெளிய சாப்பாடு கம்மி'ன்னு நினைச்சு அதுக்கேத்த மாதிரி உடம்ப தயார் பண்ணிக்குது, வெளிய வந்து பாத்தா சாப்பாடு கொட்டிக் கிடக்கு, அந்த பொருந்தாமைதான் நெஞ்ச பாதிக்குது. பின்லாந்துல ஹெல்சின்கியில 1934–44ல பிறந்த 8760 பேர வச்சு 2005ல வந்த ஆராய்ச்சியும் இதையே காட்டுது, சின்னதா பிறந்து, ரெண்டு வயசுல ஒல்லியா இருந்து, அதுக்குப் பிறகு வேகமா சதை போட்டவங்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். நம்ம ஊர நினைச்சுப் பாருங்க. அப்பன் கட்டுமரத்துலயோ ரப்பர் பால்வெட்டுக்கோ போன வீட்டுல ஒல்லியா பிறந்த பையன், இருவது வயசுல கல்ஃபுக்கு போறான், வெயில்ல வேல பாத்து அப்புறம் சூப்பர்வைசர் ஆகி ஏசியில உக்காந்து, நாப்பதுல ஊருக்கு வந்து புரோட்டாவும் பீஃபும் பிரியாணியுமா இருக்கான், ஒரு தலைமுறையில இவ்வளவு பெரிய தாவல். அந்த உடம்பு இதுக்கு தயார் பண்ணுன உடம்பு கிடையாது.

இந்தியாவுல இத மொதல்ல காட்டுனது மைசூர். அங்க ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில 1934ல இருந்து 54 வரைக்கும் பிறந்தவங்களோட பிரசவ ரெக்கார்டு பத்திரமா இருந்துச்சு, அதுல 517 பேர கண்டுபிடிச்சு சோதிச்சு 1996ல வெளியிட்டாங்க. பிறந்தப்ப 2.5 கிலோவோ அதுக்கு கீழயோ இருந்தவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு இதய நோய், 3.1 கிலோவுக்கு மேல இருந்தவங்கள்ல 3 சதவீதம். புனேயில டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993ல ஆறு கிராமத்துல தொடங்குன ஆராய்ச்சி இன்னும் ஆழமா போச்சு. அங்க பிறந்த பிள்ளைங்க சராசரி எடை 2.7 கிலோ பக்கம், இங்கிலாந்து பிள்ளைங்க 3.5 கிலோ. ஆனா எது குறைஞ்சிருக்குன்னு பாருங்க, சதை குறைஞ்சிருக்கு, உள்ளுறுப்பு சின்னது, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்கு குறையவே இல்ல. பாக்க ஒல்லி, உள்ள கொழுப்பு. யாஜ்னிக்கும் லண்டன்ல உள்ள அவர் நண்பர் யுட்கினும் தங்களையே உதாரணமா காட்டி 2004ல ஒரு பக்கம் எழுதியிருக்காங்க, ரெண்டு பேருக்கும் உயரம் எடை கணக்கு ஒண்ணுதான், பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். என் லேப்ல "நான் ஒல்லிதானே"ன்னு ஆச்சரியப்படுற ஆளுங்களுக்கு இத சொல்லத் தோணும்.

புனே ஆராய்ச்சியில எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், எது பிள்ளைய நல்லா வளத்துச்சுங்கிறது. மொத்த கலோரிக்கும் பிறப்பு எடைக்கும் பெரிய தொடர்பு இல்ல. பச்சைக்கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாரோட பிள்ளைங்கதான் நல்லா இருந்துச்சு. அதாவது வயிறு நிறையிறது வேற, சத்து சேருறது வேற. இன்னொன்னும் தெரிஞ்சுது, பி12 வைட்டமின் குறைஞ்சு போலேட் (போலிக் ஆசிட் வகை சத்து) மட்டும் கூடுதலா இருந்த தாய்மாரோட பிள்ளைங்களுக்கு ஆறு வயசுலயே இன்சுலின் சரியா வேல செய்யல. பி12 இறைச்சியிலயும் மீன்லயும் முட்டையிலயும் பால்லயும்தான் இருக்கு, அதனால சைவக்காரங்க பி12 அளவ ஒருவாட்டி பாத்துக்கிடுறது நல்லது.

சரி, உள்ள என்னதான் நடக்குது? எனக்கு இதுல கிட்னி கதைதான் ரொம்ப ஆச்சரியம். கிட்னிக்குள்ள ரத்தத்த வடிகட்டுற நெஃப்ரான்னு சின்னச்சின்ன சல்லடைங்க இருக்கு, அதுல பாதிக்கு மேல கடைசி மூணு மாசத்துலதான் உருவாகும், 36 வாரத்தோட வேல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் ஒண்ணு கூட புதுசா வராது, நீங்க என்ன சாப்பிட்டாலும். ஒரு ஆளுக்கு ஒரு கிட்னியில ரெண்டு மூணு லட்சம் இருக்கலாம், இன்னொரு ஆளுக்கு இருவது லட்சத்துக்கு மேலயும் இருக்கலாம். தாய்க்கு புரோட்டீன் பத்தாம இருந்தா எலிகள்ல இந்த எண்ணிக்கை குறையுறத சோதனையில பாத்திருக்காங்க, மனுசங்கள்லயும் எடை கம்மியா பிறந்தவங்களுக்கு குறைவாத்தான் இருக்கு. ஜெர்மனியில விபத்துல இறந்துபோன 20 பேரோட கிட்னிய எண்ணிப் பாத்து 2003ல எழுதுனாங்க, பிரஷர் இருந்த 10 பேருக்கு சுமார் 7 லட்சம், பிரஷர் இல்லாத 10 பேருக்கு சுமார் 14 லட்சம். சரி பாதி. சல்லடை கம்மியா இருந்தா இருக்குற ஒவ்வொண்ணும் கூடுதலா வேல பாக்கணும், உப்ப வெளியேத்த பிரஷர ஏத்தணும், ஏறுன பிரஷர் சல்லடைய கெடுக்கும், அது இன்னும் பிரஷர ஏத்தும். நாப்பது வயசுல திடீர்னு வந்த பிரஷர்னு நாம சொல்றோம், அது நாப்பது வருஷமா மெதுவா ஏறி வந்திருக்கு.

இதயத் தசை செல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான், பிறக்குறதுக்கு முன்னால பெருகுறதுதான் முக்கியம், அப்புறம் 25 வயசுல வருஷத்துக்கு ஒரு சதவீதம்தான் புதுசாகுது. ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்க எலாஸ்டின்னு ஒரு பொருள் வேணும், அதுவும் வயித்துலயும் கைக்குழந்தை பருவத்துலயும்தான் படியும். ரப்பர் பால் கெட்டியா இல்லன்னா ஷீட் எப்படி வரும்னு குலசேகரம், அருமனை பக்கத்து ஆளுங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. சாப்பாடு பத்தாதப்ப வயித்துக்குள்ள இருக்குற பிள்ள ரத்தத்த மூளைக்கு திருப்பி விட்டுரும், கல்லீரலும் கிட்னியும் கைகாலும் மிச்சத்த வச்சு சமாளிக்கும். மூளைய காப்பாத்துறதுக்கு மத்த உறுப்பு குடுக்குற விலை இது.

தாயோட மனக்கஷ்டத்துக்கும் இதுல பங்கு உண்டு. மனக்கஷ்டம் வந்தா அம்மா உடம்புல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் கூடும், அது அப்படியே பிள்ளைக்கு போகாம நஞ்சுக்கொடியில ஒரு என்சைம் தடுத்து மாத்தி விடும். புரோட்டீன் கம்மியான எலிகள்ல அந்த என்சைம் குறைஞ்சுபோகுது, கார்ட்டிசால் உள்ள போய் குட்டியோட பிரஷர் செட்டிங்கயே மாத்திருது. இதே என்சைம தடுக்குற இன்னொரு பொருள் நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டி பக்கத்துலயே இருக்கு, அதிமதுரம். சளி இருமலுக்கு கொஞ்சம் போட்டு கசாயம் வைக்குற பழக்கம் நமக்கு உண்டு, மாசமா இருக்கும்போது அத டாக்டர்கிட்ட கேக்காம குடிக்க வேண்டாம். பின்லாந்துல அதிமதுர மிட்டாய் நிறைய தின்ன தாய்மாரோட பிள்ளைங்களுக்கு அறிவுத்திறன் சோதனையில மார்க் குறைஞ்சத பாத்திருக்காங்க.

இவ்வளவு படிச்சிட்டு "அப்போ மாமியார் சொல்றதுதான் சரி, ரெண்டு பேருக்கு சாப்பிடணும்"னு முடிவு பண்ணிராதீங்க. கூடுனாலும் பிரச்சனதான். ஸ்காட்லாந்துல 37,709 பிள்ளைங்கள வளந்து பெரிய ஆளாகுற வரைக்கும் பின்தொடர்ந்து 2013ல வந்த கணக்குல, ரொம்ப குண்டா இருந்த தாய்மாருக்கு பிறந்தவங்க இதய நோய்க்கு ஆஸ்பத்திரியில சேந்தது 29 சதவீதம் அதிகம். கர்ப்பகால சுகர் இன்னும் நமக்கு நெருக்கமான ஆபத்து. அம்மாவோட சுகர் நஞ்சுக்கொடிய தாண்டி போகும், இன்சுலின் தாண்டாது, அதனால பிள்ளையோட கணையம் சின்ன வயித்துக்குள்ளயே ஓவர்டைம் பாத்து கொழுப்பு சேக்குது. மைசூர்லயே அப்படி பிறந்த பிள்ளைங்கள ஒன்பது பத்து வயசுல பாத்தப்ப கொழுப்பும் இன்சுலின் கோளாறும் பிரஷரும் கூடுதலா இருந்துச்சு. இதுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 140 தாண்டுதான்னு பாக்குற சிம்பிள் டெஸ்ட்ட, வெறும் வயித்துல வரணும்னு கட்டாயமில்லாம கொண்டு வந்தவர் சென்னையில இருந்த டாக்டர் வி. சேஷையா, அவர் பிறந்தநாள் மார்ச் 10ஐத்தான் இந்தியாவுல கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. மலையோரத்துல இருந்து பஸ் ஏறி வாற பொண்ணு பட்டினியா மயங்கி விழாம டெஸ்ட் எடுக்க முடியுதுன்னா அவர் போட்ட பாதைதான்.

இங்க ஏழாம் மாசம் வந்தா பொண்ண கூட்டிட்டு வர போகும்போது முந்திரிக்கொத்து, முறுக்கு, லட்டு, ஜிலேபின்னு தாம்பாளம் தாம்பாளமா பலகாரம் போகும். அந்த சந்தோஷத்த நான் குறைக்கச் சொல்ல மாட்டேன், ஆனா சுகர் ஏறுறதும் சரியா அந்த நேரத்துலதான். இங்கிலாந்துல போர் காலத்துல சீனிக்கு ரேஷன் இருந்துச்சு, 1953 செப்டம்பர்ல எடுத்தாங்க. ரேஷன் காலத்துல வயித்துலயும் மொதல் ரெண்டு வயசுலயும் இருந்தவங்களுக்கு பின்னாடி சுகர் சுமார் 35 சதவீதமும் பிரஷர் சுமார் 20 சதவீதமும் குறைவா வந்ததா 2024ல எழுதுனாங்க. கருப்பட்டிதானே, அக்கானி (பதநீர்) தானேன்னு ஒரு சமாதானம் நம்மகிட்ட உண்டு, கருப்பட்டியில கொஞ்சம் தாது சத்து இருக்கு சரிதான், ஆனா ரத்தத்துல போனா அதுவும் சீனிதான்.

அதிபுத்திசாலித்தனமா டயட் போட்டாலும் சிக்கல். ஸ்காட்லாந்துல மதர்வெல்ங்கிற ஊர் ஆஸ்பத்திரியில மாசமா இருக்குறவங்க தினம் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 450 கிராம், சிவப்பு இறைச்சி சாப்பிடணும், மாவுச்சத்து தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1967–68ல பிறந்த 626 பேர பின்னாடி பாத்தா தாய் எவ்வளவு கூட இறைச்சி சாப்பிட்டாங்களோ அந்த அளவுக்கு பிள்ளைக்கு பிரஷர் கூடியிருந்துச்சு. இப்பம் கீட்டோ, சோறில்லா டயட்டுன்னு செல்போன்ல பாத்துட்டு வாற பிள்ளைங்ககிட்ட நான் இந்த ஒரு விஷயத்த மட்டும் சொல்லிருவேன்.

அப்போ என்ன சாப்பிடணும்? நம்ம மாவட்டத்துல இதுக்கு விடை ரொம்ப பக்கத்துலயே இருக்கு, குளச்சல்லயும் முட்டத்துலயும் கரையேறுற சாளை, அதாவது மத்தி மீன். விலை குறைஞ்ச மீனுங்கிறதுனால விருந்தாளி வந்தா வாங்க மாட்டோம், ஆனா ஒமேகா 3 கொழுப்பு, புரோட்டீன், பி12, அயோடின், முள்ளோட தின்னா கால்சியம், எல்லாம் அதுல இருக்கு. மாசமா இருக்கும்போது ஒமேகா 3 சேந்தா குறைமாசப் பிரசவம் குறையுதுன்னு பல சோதனைகள சேத்து 2018ல ஒரு பெரிய ஆய்வு சொல்லிருக்கு, குறைமாசம் குறைஞ்சா நான் மேல சொன்ன சல்லடை வேலைக்கு முழு நேரம் கிடைக்குதுல்லா. நெத்தோலி, அயிலை எல்லாம் இதே வகைதான். பெரிய சுறா, தளப்பத்து மாதிரி பெரிய மீனுல பாதரசம் சேந்திருக்கும், அத மட்டும் இந்த மாசங்கள்ல விட்ருங்க. நம்ம மாவட்டத்துல மீன்பிடி தடை ரெண்டு தடவ வருது, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, குளச்சல் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31, அந்த நேரம் மீன் விலை ஏறும்போது எல்லாரும் கருவாட்டுக்கு போயிருவோம். பிரஷர் இருக்குற கர்ப்பிணிக்கு அந்த உப்பு ஆகாது, அந்த ரெண்டு மூணு மாசத்துக்கு முட்டையும் சிறுபயறும் பெரும்பயறும்தான் துணை.

மரச்சீனியும் மீன்கறியும் நம்ம முன்னோர் சும்மா சேக்கல. கிழங்குல 100 கிராமுக்கு புரோட்டீன் ஒண்ணரை கிராம் கூட தேறாது, சாளையில அதே 100 கிராமுக்கு இருவது கிராம் பக்கம். கிழங்குல இருக்குற நச்சுத்தன்மைய வேக வச்ச தண்ணிய வடிச்சு பாதி போக்குறோம், மிச்சத்த உடம்பு முறிக்கணும்னா கந்தகம் உள்ள புரோட்டீன் வேணும், அத மீன் குடுக்குது. மீன் இல்லாம வெறும் கிழங்கும் காந்தாரி மிளகு துவையலும் கட்டன் சாயாவும்னு ஒரு நேரம் கழிக்குறதுதான் ஆபத்து, பால்வெட்டுக்கு விடியக்காலம் போற பொண்ணுங்க பல பேருக்கு காலை சாப்பாடே அதுதான். அந்த சாயா இன்னொரு வேலையும் பண்ணும், இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல தாற இரும்பு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிடும், அத சாயாவோட முழுங்குனா பாதி வீண். கால்சியம் மாத்திரையோட சேத்தும் போடக்கூடாது, ஒண்ணு மதியம்னா இன்னொன்னு ராத்திரி. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மட்டிப்பழம், அங்கன்வாடியில தாற சத்துமாவு, இதெல்லாம் வீட்டு வாசல்லயே கிடைக்குறது.

அளவு கேட்டா, ஐதராபாத்ல உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2020 கணக்குப்படி மாசமா இருக்குறவங்களுக்கு ஒரு நாளைக்கு கூடுதலா 350 கலோரி, ரெண்டு இட்லி ஒரு முட்டை ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான், இன்னொரு ஆள் சாப்பாடு கிடையாது. புரோட்டீன்தான் நிறைய கூடணும், நடு மூணு மாசத்துல 9.5 கிராம், கடைசி மூணு மாசத்துல 22 கிராம். நாலஞ்சு சாளையில அந்த 22 கிராம் வந்துரும். அதனால தங்கச்சிக்கு நான் சொன்ன பதில், அம்மா சோத்த குறைச்சது தப்பில்ல, ஆனா எடுத்த அந்தக் கரண்டி சோத்துக்கு பதிலா தட்டுல மீனும் பயறும் கீரையும் வரணும், வெறும் தட்டா விடக்கூடாது. பிள்ள பெருசாகிரும்னு பயந்து பட்டினி கிடக்குறது பிரசவத்த சுலபமாக்காது, பிள்ளையோட கிட்னியத்தான் சின்னதாக்கும்.

ஆனா நான் ரொம்ப யோசிச்சது இதுக்கு முன்னால உள்ள காலத்த பத்தி. கரு உண்டாகி 22 நாள் பக்கத்துலயே இதயம் துடிக்க ஆரம்பிச்சிருது, எட்டு வாரத்துல நாலு அறையும் உருவாகி முடிஞ்சிரும். நாள் தள்ளிப்போயி, டெஸ்ட் எடுத்து, வீட்டுல சொல்லி, ஆஸ்பத்திரிக்கு போயி அட்டை போடும்போது இதயத்தோட பெரிய வேல முடிஞ்சிருக்கும். அதனால அந்த எட்டு வாரத்துக்கு உடம்புல சத்து முன்னாடியே இருக்கணும், அதுன்னா காலேஜ் படிக்குற பொண்ணு, ஏழு மணி பஸ்ஸுக்கு சாப்பிடாம ஓடுற பொண்ணு, எல்லாருக்கும் விளம்பி முடிச்சு கடைசியா சட்டியில மிஞ்சின சாறோட சாப்பிடுற மருமக. மீன் துண்டு ஆம்பளைக்கு, தலையும் வாலும் பொம்பளைக்குன்னு இன்னும் எத்தனை வீட்டுல நடக்குது. இத மாத்தாம மாசமான பிறகு குங்குமப்பூ வாங்கிக் குடுத்து என்ன ஆகப்போகுது.

இத எல்லாம் ஒரு நாள் ராத்திரி வீட்டுல சொல்லிட்டு இருந்தப்ப அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "நீ பிறந்தப்ப ரெண்டு கிலோ இருநூறுதான். நான் சரியா சாப்பிடாததுனாலயா உனக்கு இப்பம் பிரஷர் காட்டுது?"ன்னு கேட்டாங்க. எனக்கு வயசு 34, ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தப்ப 136க்கு 88. அம்மா என்ன சுமந்தப்ப எட்டாம் மாசம் வரைக்கும் அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை ஃபேக்டரியில, கால மடக்கி உக்காந்து தொலி உரிச்சவங்க, கூலியில அரிசி வாங்கி, தம்பிமாருக்கும் மாமனாருக்கும் போட்டுட்டு மிஞ்சின கஞ்சிய குடிச்சவங்க. அவங்க சாப்பிடாம இருக்கல, அவங்களுக்கு கிடைக்கல. இத எழுதுறதுக்கே எனக்கு பயம் இதுதான், யாராவது ஒரு ஆள் இத படிச்சிட்டு தன் அம்மாவ குத்தம் சொல்லிரக்கூடாது. தாய் என்ன சாப்பிட்டாங்கிறது அந்த வீட்டுல கூலி எவ்வளவு, யார் மொதல்ல சாப்பிட்டாங்க, எத்தனாவது மாசம் வரைக்கும் வேலைக்கு போனாங்க, இதெல்லாம் சேந்ததுதான். இப்பம் அரசாங்கத்தோட முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல பணமும் சத்துப் பெட்டியும் சேத்து 18,000 ரூபா தாறாங்க, அந்தப் பெட்டியில வாற பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் மாசமா இருக்குறவளுக்குத்தான், மத்த பிள்ளைங்களுக்கு பங்கு போட இல்ல, அத வீட்டுல உள்ள பெரியவங்கதான் பாத்துக்கணும்.

சின்னதா பிறந்தாச்சு, இப்பம் என்ன செய்யன்னு கேக்குறவங்களுக்கும் வழி இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் பிள்ள கொழுகொழுன்னு ஆகணும்னு பாக்கெட் பொருளும் இனிப்பும் திணிக்காம இருக்குறது, ஏன்னா ஹெல்சின்கி கணக்கு சொல்றது ரெண்டு வயசுக்கு மேல வேகமா ஏறுற சதைதான் ஆபத்துன்னு. மூணு வயசுல இருந்து வருஷத்துக்கு ஒருவாட்டி பிரஷர் பாக்கச் சொல்லலாம், பிள்ளைங்களுக்கு பாக்குற சின்ன பட்டை இருக்கான்னு கேளுங்க. பெரியவங்கன்னா உங்க அம்மாகிட்ட நீங்க பிறந்தப்ப எவ்வளவு எடைன்னு ஒருவாட்டி கேட்டு வைங்க, 2.5 கிலோவுக்கு கீழன்னா முப்பதுலயே பிரஷரும் சுகரும் பாக்க ஆரம்பிங்க. நானும் உப்ப குறைச்சு, சாயங்காலம் வேல முடிஞ்சு வடசேரி வரைக்கும் நடந்து போய் பஸ் ஏறுறேன்.

தங்கச்சிக்கு அடுத்த மாசம் ரெண்டாவது சுகர் டெஸ்ட், 24 வாரம் தாண்டுது. அம்மாவும் அவ மாமியாரும் ஏழாம் மாசத்துக்கு எத்தனை தாம்பாளம் பலகாரம்னு போன்ல பேசிட்டு இருக்காங்க, நேத்தைக்கு மாமியாரே சொன்னாங்களாம், ரெண்டு தாம்பாளத்துல செவ்வாழையும் மட்டிப்பழமும் வச்சிரலாம், முந்திரிக்கொத்து ஒரு தாம்பாளம் போதும்னு.